வலப்பக்கச் சிலிண்டர்

ஒரு வாரமாக அக்தருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டால் அல்ல, ஆஸ்டினால். சரியாகச் சொன்னால், ஆஸ்டினுக்கென்று வந்து இறங்கிய ஒரு கறுப்புப் பையால்.

பையில் இருந்தது சைடுமவுண்ட் செட். காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமக்காமல், இரண்டு சிலிண்டர்களை இரண்டு விலாவோரமும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் முங்குகிற புதுச் சாமான். முதலாளி ஞானஜோதி சார் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தார். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தரைக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்கிற வேலை கைக்கு வரும்போல இருந்தது. குழாயின் அகலம் மூன்றடிகூட இல்லை. முதுகில் சிலிண்டரோடு போனால் முட்டும். விலாவில் மாட்டிக்கொண்டால் பல்லி மாதிரி நுழைந்துவிடலாம்.

“இது சரிப்பட்டு வந்தா உள்ள ஒருத்தர் போதும்” என்று சார் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். “ரெண்டு சிலிண்டர், ரெண்டு வால்வு. ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு இருக்கு. ஆஸ்டின் போகட்டும். அக்தர், நீ மேல கயிறு பிடிச்சுக்கோ.”

கயிறு பிடிப்பதாம்! கிணற்றில் விழுந்த மோட்டாரோ, தொட்டியில் அடைத்த சேறோ, ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஜோடியாகத்தான் இறங்கியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் அக்தர்தான் கெட்டிக்காரன். அது ஆஸ்டினுக்கே தெரியும். ஆனால் ஆஸ்டின் ஒல்லி. செட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சார் போகிற சர்ச்சிலேயே பாட்டும் பாடுகிறான். மூன்றாவதுதான் காரணம் என்று அக்தர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

“ஒரு பை மேலயா இத்தன பொறாம?” என்றாள் அவன் மனைவி ஃபாயிசா, ஊரப்பாக்கம் வீட்டில் டிபன் டப்பாவை மூடியபடி. “ஆஸ்டின் அண்ணன் வேற ஆள சேத்துக்கிட்டாலாவது ஒரு நியாயம் இருக்கும்.”

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் அக்தருக்கு எரிச்சல்.

சனிக்கிழமை காலை, கீழ்க்கட்டளைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக் குட்டையில் வெள்ளோட்டம். கரைப் பாறையில் சார் கயிற்றோடு நின்றார். அவசரத்துக்குக் குதிக்க, பழைய செட்டை முதுகில் மாட்டிக்கொண்டு அக்தர். இடுப்பளவு தண்ணீரில் ஆஸ்டின் ஒவ்வொரு சிலிண்டராக விலாவில் கொக்கி போட்டுக்கொண்டான். பாவி, அது அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

“செம்மையா கீது மச்சான். முதுகுல ஒண்ணுமே இல்ல” என்று சிரித்தான் ஆஸ்டின்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க அக்தருக்குப் பிடிக்கவில்லை.

முதுகுச் சிலிண்டரின் வால்வு, மாட்டியிருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இறங்குமுன் கூட்டாளி பின்னால் நின்று, வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, ‘எல்லாம் சரி, இறங்கு’ என்று தோளில் இரண்டு தட்டு தட்டுவான். ஒன்பது வருஷமாக ஆஸ்டினின் வால்வை அக்தரும், அக்தரின் வால்வை ஆஸ்டினும் திறந்துவிட்டுத்தான் இறங்கினார்கள். இந்தப் புதுச் செட்டில் வால்வுகள் அக்குளுக்குக் கீழே, கண்ணெதிரே. கூட்டாளி எதற்கு?

ஆனாலும் அக்தர் தண்ணீரில் இறங்கி, ஆஸ்டினுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினான். இடப்பக்கம் சரியாக இருந்தது. ஆஸ்டின் திறந்து வைத்திருந்த வலப்பக்க வால்வைப் பிடித்து, வழக்கம்போலத் தன் பக்கமாக இழுத்துத் திருகினான். பின்னால் நின்று அப்படித் திருகினால் திறக்கும். முன்னால் நின்று திருகினால் மூடும். கை பழக்கத்தில் முக்கால்வாசி போனபிறகுதான் அவனுக்கு உறைத்தது.

திருப்பித் திறந்திருக்கலாம். ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியில் மனசுக்குள் ஒரு குரல் கேட்டது: கொஞ்சம் திணறட்டுமே. கூட ஒரு ஆள் வேணும்னு சாருக்கும் தெரியட்டுமே.

அவன் கையை எடுத்துக்கொண்டான். தோளில் இரண்டு தட்டும் தட்டினான்.

மேலே நிற்கும்போது குறைந்த காற்றே போதும், ஒன்றும் தெரியாது. ஆழம் போகப் போகத்தான் மூச்சு இழுத்தால் வராது. ஆஸ்டின் வலப்பக்கக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்கினான். பச்சைத் தண்ணீரில் குமிழிகள் வரிசையாக வந்தன. இருபது அடி. முப்பது அடி. அப்புறம் குமிழி நின்றது.

பொறாமையாவது மண்ணாவது! வாய்க்குழாயைக் கவ்விக்கொண்டு அக்தர் கழுத்தளவு தண்ணீருக்குப் பாய்ந்தான்.

“ஏய், என்ன ஆச்சு?” என்று சார் கத்தினார்.

அதற்குள் குமிழி கிளம்பியது. குபுகுபுவென்று, எந்தக் குறையும் இல்லாமல். கால் மணி நேரம் கழித்து ஆஸ்டின் நிதானமாக மேலே வந்தான்.

“நடுவுல குமிழியே வரலையேப்பா?” என்றார் சார்.

“ஒரு வாய்க்குழாய விட்டுட்டு இன்னொண்ணுக்கு மாத்திப் பாத்தேன் சார். நல்லாத்தான் வேல செய்யுது.”

சார் சந்தோஷமாக, ஃபோன் பேசக் கார்ப் பக்கம் போனார். அக்தருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே அந்தப் பழைய எரிச்சலும் திரும்பி வந்தது. தான் மூடிய வால்வே அந்தச் செட்டுக்குச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டது!

ஆஸ்டின் குரலைத் தாழ்த்தினான். “நீ மூடுனத நான் பாத்தேன் மச்சான்.”

“கை... பழக்கத்துல அப்படிப் போயிட்ச்சு” என்றான் அக்தர்.

“அதுவும் தெரியும். எதிர்ல நின்னா எனக்கே அப்படித்தான் போவும். நீயே திருப்புவேன்னு உன் மூஞ்சியப் பாத்துகினே இருந்தேன்.”

“அப்போ நீயே தொறந்துக்கினு போயிருக்கலாமே?”

“நீ ரெண்டு தட்டு தட்டினியே.”

அக்தர் தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இதற்கு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சார் திரும்பி வந்தார். “இன்னொரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாமா? வேலைக்கு ரெண்டு பேரையுமே அனுப்பலாமான்னு யோசிக்கிறேன். குழாய் முழுக்கச் சேறாம். இன்னொரு செட்டு வாங்கிட்டா போச்சு. அக்தர் பாய்ஞ்ச பாய்ச்சலைப் பார்த்தேனே, இந்த மாதிரி ஆள் கூட இருந்தா எனக்கும் நிம்மதி. என்ன ஆஸ்டின், சொல்லு.”

ஆஸ்டின் வலப்பக்க வால்வைத் தானே முழுசாகத் திறந்தான். இடப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். அக்தர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேணாம் சார், உள்ள நான் ஒருத்தனே போதும்” என்றான் ஆஸ்டின். “கயிற அக்தர்கிட்ட குடுங்க.”