சாவு வீட்டில் ஒரு வசவு

சிரிகி சனு செத்துப்போன சேதி விடிந்ததும் வந்தது. பாத்தே பால் கறந்துகொண்டிருந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம செத்துட்டானா? கள்ளுக்குடிப் பயலுக்கு எவ்வளவு திமிரு!" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாத்தே ஃபுலானி இனத்தவன், மாடு மேய்ப்பவன். சிரிகி போபோ இனத்தவன், சோளம் விதைப்பவன். இந்த இரண்டு இனத்துக்கும் பூட்டன் காலத்திலிருந்தே கேலி முறை உண்டு. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இவன் அவனை "என் அடிமை" என்பான், அவன் இவனை "மாட்டுத் திருடா" என்பான். கோபம் மட்டும் வரக் கூடாது. கேலி முறைக்காரன் மேல் கை வைத்தாலோ தெய்வக் குற்றம். போபோ வீட்டில் சாவு விழுந்தால் ஒரு ஃபுலானி வந்து பாடையை மறித்துப் படுத்து, செத்தவனை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும். வீட்டார் பதிலுக்கு ஏசி, பேரம் பேசி, ஒரு சேவலைக் கொடுத்து அவனை எழுப்ப வேண்டும். அழுகிற வீட்டில் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வரும்.

வடக்கே துப்பாக்கிக்காரர்கள் ஊர்களைக் கொளுத்த ஆரம்பித்த பிறகு எல்லாம் பாழாய்ப் போனது. அந்தக் கூட்டத்தில் ஃபுலானிகள் இருக்கிறார்களாம், அதனால் ஃபுலானி என்றாலே அந்தக் கூட்டமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பக்கத்து ஊரில் ஃபுலானி குடிசைகள் எரிந்தன. இந்த ஊர் ஃபுலானிகள் பாத்தேயைத் தவிர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஊர்க்காவல் இளைஞர்கள் அவன் வாசலுக்கு வந்த அன்று சிரிகிதான் குறுக்கே நின்றான். "இவன் என் மாட்டுத் திருடன். இவனை அடிக்கணும்னா நான் அடிப்பேன், நீங்க யாருடா?" என்று விரட்டினான். அந்த இளைஞர்களில் சிரிகியின் மகன் உர்பேனும் ஒருவன்.

"போகாதீங்க," என்றாள் பாத்தேயின் மனைவி கும்பா. "தடுக்க இருந்த ஒரு ஆளும் போயாச்சு. நான் பொறந்த ஊர்லேர்ந்து எங்க அண்ணன் இன்னிக்குச் சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கிட்டு கானா நாட்டு எல்லைப் பக்கம் போறான். கூடவே போயிடலாம்."

"உர்பேன் என் தோள்ல வளந்தவன்டி. நான் ஒண்ணு ஏசுனா அவன் பத்து ஏசுவான் பாரு. ஏசிட்டான்னா இங்கேயே இருக்கலாம்."

"ஏசலைன்னா?"

"சாவு வீட்டுல எந்தப் போபோ எங்களை ஏசாம விட்டிருக்கான்?"

பாடை முற்றத்தை விட்டு வெளியே வந்ததும் பாத்தே ஓடிப்போய்க் குறுக்கே மல்லாந்து படுத்தான். "என் அடிமையை எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? புல்லறுக்க ஆளில்லாம என் மாடு பட்டினி கெடக்கு! இவன் சாகலைடா, வேலைக்குப் பயந்து நடிக்கிறான். கள்ளுப் பானையை மூக்குக்கிட்ட காட்டுங்க, எந்திரிச்சு உக்காருவான்!"

முன்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிகியின் மனைவி மசாராவுக்கு மட்டும் உதடு துடித்தது. "மாட்டுத்..." என்று ஆரம்பித்தவள், மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உர்பேன் முன்னால் வந்தான். தோளில் துப்பாக்கி தொங்கியது. பாத்தே அதைப் பார்க்கவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுடா என் ராசா, ஒரு வார்த்தை திட்டுடா என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

உர்பேன் குனிந்து கையை நீட்டினான். "எந்திரிங்க ஐயா. வெயில் ஏறுது. தயவுசெஞ்சு வழி விடுங்க."

யாரோ ஒரு சேவலைக் கொண்டுவந்து பாத்தேயின் பக்கத்தில் வைத்தார்கள். பேரம் பேசவே இல்லை.

பாத்தே எழவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தான். "ஒத்தைச் சேவலா? கஞ்சப் பய பெத்த கஞ்சப் பயலே! உங்கப்பன் எலும்பு கூட இதைவிட விலை போகும்டா!"

"இன்னொண்ணும் தரச் சொல்றேங்க ஐயா," என்றான் உர்பேன்.

இரண்டாவது சேவலும் வந்தது. பாத்தே எழுந்து ஒதுங்கி நின்றான். பாடை அவனைக் கடந்து போனது. பின்னால் போனவர்கள் அவன் மேல் படாமல் விலகி நடந்தார்கள். சேவல்களை அவன் எடுக்கவில்லை.

கும்பா வழியிலேயே ஓடிவந்து அவன் தலையையும் கைகளையும் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சாங்களா?"

"இல்ல."

"ஏசினானா?"

"ஐயான்னு கூப்பிட்டான்."

கும்பா திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போய்ப் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.