நிற்காத கிழமை

ஸ்கான் அறைக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டிய உதயகலா, விறாந்தையில் வந்துகொண்டிருந்த வித்தியாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தங்கச்சி, உது திரும்ப நிண்டிட்டுது."

வாங்கில் இருந்த நோயாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வித்தியா மாடிப்படிக்குக் கீழிருந்த சிறிய அறையைத் திறந்தாள். முன்பு துவைத்த போர்வைகளை அடுக்கி வைக்கிற அறையாக இருந்ததாம். இப்போது அதற்குள் ஒரு குளிரூட்டியும் ஒரு மேசையும் மருத்துவமனையின் சேர்வரும் இருந்தன. எக்ஸ்ரே, ஸ்கான் படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அந்தக் கறுத்த இயந்திரத்துக்குள்தான். கணினியின் மூளையான புரொசசர்கள் இரண்டு பூட்டியது, வாங்கும்போது ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்களாம். விசிறிகள் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தன. பச்சை விளக்குகள் எரிந்தன. திரையில் மட்டும் எதுவும் அசையவில்லை. மவுசை இழுத்துப் பார்த்தாள், அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தி, மறுபடி தொடக்கினாள். அது எழும்பி வருவதற்குள் விறாந்தையில் இரண்டு குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன், மருத்துவமனையின் கணினிகளைப் பார்க்கிற இந்த வேலைக்கு வந்தவள் வித்தியா. புத்தூரிலிருந்து நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஸ்கூட்டியில் தினமும் வருவாள். கொழும்பில் இரண்டு வருஷம் இதே வேலையைப் பார்த்தவள்தான். அங்கே ஒரு இயந்திரம் பழுதானால் ஏதாவது ஒரு பதிவில் காரணம் எழுதப்பட்டிருக்கும். இது எதையும் எழுதிவைக்காமல் நின்றது. சூடாக இருக்குமோ என்று தூசு தட்டி விசிறிகளை மாற்றினாள். மின்சாரமாக இருக்குமோ என்று பற்றரியைச் சோதித்தாள். நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனாலும் கிழமைக்கு ஒருமுறையாவது அது நின்றது. மருத்துவமனையில் இருந்தவர்களுக்கோ காரணம் எப்போதோ தெரிந்துவிட்டது. உதயகலா பெரிய படங்களைத் திறக்கிறாள், அதனால் நிற்கிறது. அநேகமாக ஒவ்வொரு தடவையும் முதலில் வந்து சொல்வது அவள்தானே. பழைய ஸ்கான்களைத் திறக்கவேண்டாம் என்று அவளுக்குக் கட்டளையே வந்திருந்தது. இருபது வருஷம் எக்ஸ்ரே இருட்டறைக்குள்ளும் ஸ்கான் அறைக்குள்ளும் வேலை செய்த உதயகலா, இப்போது மவுசைத் தொடும்போதெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

மருத்துவமனையை நடத்திய டொக்டர் கனகாம்பிகை அன்று பின்னேரம் வித்தியாவை அழைத்தார். அதட்டுகிற ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆறுதலாகத்தான் கதைத்தார்.

"வருஷ முடிவுக்கிடையிலை உது சரிவராட்டி, உதை வித்த கொழும்புக் கொம்பனியிட்டையே முழுப் பொறுப்பையும் குடுக்கப்போறன், பிள்ளை. பேந்து இஞ்சை ஒரு ஆள் தேவைப்படாது. முதலிலையே சொல்லிப்போடுறன்."

"ஓம், டொக்டர்."

வெளியே வந்ததும் சேர்வர் அறையில் சும்மா இருந்தாள். பின்பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொன்றிலும் சின்ன வெள்ளை நாடா சுற்றி, எங்கிருந்து எங்கே போகிறது என்று அச்சடித்ததுபோல எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு வடிவாக எழுதியவர் யார் என்று உதயகலாவிடம் கேட்டாள்.

"டினேஸ். உமக்கு முதல் இருந்தவர்" என்றாள் உதயகலா. பிறகு வாசலைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "அவர் காலத்திலையும் இப்பிடித்தான் நிண்டது. ஒருக்கா வடிவா நிப்பாட்டிச் சோதிக்கோணும் எண்டு எத்தினை தரம் கேட்டவர். விடேல்லை. ஒரு நாள் மத்தியானம் ஆக்கள் இல்லை எண்டு பாத்து தானே நிப்பாட்டிப்போட்டார். அந்த நேரம் பாத்து மோட்டச்சைக்கிள் விபத்திலை ஒரு பொடியனைக் கொண்டுவந்தினம். அவன்ரை பழைய படங்களைப் பாக்க ஏலாமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினது. பொடியனுக்கு ஒண்டுமில்லை, ஆனா தேப்பன் வந்து நிண்ட நிலை... அடுத்த நாள் டினேசை நிப்பாட்டியாச்சு."

"இப்ப எங்கை இருக்கிறார்?"

"குருநகரிலை. மாமன்ரை நண்டு வாடியிலை."

வேலையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரிடம் அவருடைய கதிரையில் இருக்கிறவள் போய் என்னத்தைக் கேட்பது? வித்தியா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் ஸ்கூட்டியைக் குருநகர்ப் பக்கம் திருப்பினாள்.

வள்ளங்களில் வருகிற நண்டை வாங்கி நிறுத்து அனுப்புகிற அந்த வாடி கடற்கரையோரம் தகரக் கூரையோடு இருந்தது. சீமெந்துத் தரையெல்லாம் ஈரம். தராசுக்கு அருகே நின்ற பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். டினேசின் மனைவி லவீனா.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"டினேஸ் அண்ணையை. நான் ஆஸ்பத்திரியிலை, அவர் இருந்த வேலையிலை..."

லவீனாவின் முகம் மாறியது. "அங்கை இருந்து இன்னும் என்ன?" என்றாள். குரலில் சண்டை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து டினேஸ் வந்தான். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கையில் தடித்த உறை. வித்தியாவைவிடப் பத்து வயது மூத்தவனாக இருக்கலாம். அவள் சொல்லச் சொல்ல, சதை குறைந்த நண்டுகளை ஒரு கூடைக்கும் நல்லவற்றை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு முறையும் நிமிரவில்லை.

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு, மிஸ்" என்றான் கடைசியில்.

"பரவாயில்லை அண்ணை. கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்."

அவள் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். பின்னால் அவனுடைய குரல் கேட்டது.

"நிக்கேக்கை விசிறி ஓடுதோ?"

"ஓம். விளக்கும் எரியுது."

"திரையிலை மூலையிலை இருக்கிற மணிக்கூடு? அது எத்தினை மணியிலை நிக்குதெண்டு பாத்தனீங்களோ?"

வித்தியா பார்த்ததில்லை. திரை அசையவில்லை என்றால் ஆக்கள் வாசலில் நின்று கத்துவார்கள், கை தன்பாட்டில் பொத்தானுக்குப் போய்விடும். அதைச் சொன்னாள். டினேஸ் கையுறையைக் கழற்றினான்.

"இனி நிண்டால் உடன அமத்தாதேங்கோ. முதல் மணிக்கூட்டைப் பாருங்கோ. ஆக்கள் கத்தினால் கத்தட்டும்." கையுறையைப் பெட்டி மூடியின்மேல் வைத்தான். "இன்னொண்டு. அண்டைக்கு நான் நிப்பாட்டினது ஒரு புரொசசரைக் கழட்டத்தான். கழட்டிப்போட்டு, மிச்சம் ஒண்டோடை ஓடவிட்டனான். அடுத்த நாள் என்னைப் போகச் சொல்லிச்சினம். அதுக்குப் பிறகு அது நிண்டதோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது."

லவீனா தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். இப்படியொன்று அவன் மனதில் கிடந்தது அவளுக்கும் தெரியாதுபோலும்.

அடுத்த தடவை அது நின்றது ஒரு மத்தியானம். வித்தியாவும் உதயகலாவும் சாப்பாட்டு அறையில் ஒன்றாக இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். உதயகலா முதல் படத்தைத் திறக்கப் போனாள், திறபடவில்லை. மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வித்தியா சேர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தாள். மணிக்கூடு அரை மணித்தியாலத்துக்கு முன்பே நின்றிருந்தது. அந்த நேரம் மருத்துவமனையில் ஒருவரும் ஒரு படத்தையும் திறக்கவில்லை. உதயகலா இவளுக்கு முன்னால் இருந்து சோற்றில் மாங்காய்ச் சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தாள். அது நிற்பது ஒரு நேரம், ஆக்கள் கண்டுபிடிப்பது இன்னொரு நேரம். முதலில் கண்டுபிடிக்கிறவள் தலையில் பழி விழுந்திருக்கிறது.

கைத்தொலைபேசியில் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு, உதயகலாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, டினேஸ் அண்ணை போனாப்பிறகு உது உடன நிண்டதோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

உதயகலா யோசித்தாள். "இல்லை. அவர் போனாப்பிறகு அந்தக் கிழமை முழுக்க ஒருக்காலும் நிக்கேல்லை. அதாலைதானே எல்லாரும் சொன்னவை, அவர்தான் ஏதோ நோண்டினவர், ஆள் போனவுடனை சரியாப்போச்சு எண்டு. பேந்து கொழும்பிலை இருந்து கொம்பனி ஆள் வந்து, கழட்டிக் கிடந்த சாமானைப் பூட்டினார். அதுக்குப் பிறகு பழையபடி."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ விளங்கியிருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

வித்தியா டினேசுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணிக்கூட்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு அந்தக் கிழமையைப் பற்றிச் சொன்னாள். மறுபக்கத்தில் ஐஸ் கொட்டுகிற சத்தமும் யாரோ நிறை சொல்லுகிற குரலும் கேட்டன.

"நிக்கேல்லை" என்றான் பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல.

"ஓம் அண்ணை. ஒருக்காலும் நிக்கேல்லை."

"அப்ப நான் நினைச்சது சரி. தங்கச்சி, வேலை இல்லாத நேரத்திலை கரண்டை மிச்சம் பிடிக்க அந்தப் புரொசசருகள் நித்திரைக்குப் போறது. கனக்க வேலை இருந்தா முழிப்பு, நிக்காது. ஆக்கள் சாப்பிடப் போனாப்பிறகுதான் கரைச்சல். ஒண்டு ஆழமா நித்திரையாப் போனா, மற்றது கூப்பிட எழும்புதில்லை. மற்றது அதின்ரை மறுமொழியைப் பாத்துக்கொண்டே நிக்கும். பிறகு ரெண்டும் இல்லை. ஒண்டு மட்டும் பூட்டியிருந்தா உந்தக் கரைச்சல் வராது. அந்த நித்திரையை நிப்பாட்டிவிட ஒரு செற்றிங் இருக்கு. ஆனா முழுசா நிப்பாட்டித்தான் மாத்தலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "டொக்டரிட்டை என்ரை பேரைச் சொல்லாதேங்கோ. சொன்னா விடமாட்டா."

அவள் சொல்லவில்லை. நின்ற மணிக்கூட்டின் படத்தைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை காலமை வெளிநோயாளர் இல்லாத நேரம், அவசரமென்று வந்தால் ஸ்கான் மெசினிலேயே படம் பார்க்க உதயகலா நிற்பாள் என்றெல்லாம் சொல்லி அனுமதி கேட்டாள். டொக்டர் கனகாம்பிகை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த ஞாயிறு, குருநகரில் பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபடி டினேஸ் தொலைபேசியில் வழி சொல்ல, வித்தியா சேர்வரின் செற்றிங்குகளைக் காட்டுகிற நீலத் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கி அந்த நித்திரையை நிறுத்தினாள். தயாரித்தவர்கள் வெளியிட்டிருந்த திருத்தத்தையும் ஏற்றினாள். வேலை அவ்வளவுதான். பிறகு காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நிற்காமல் இருப்பதை எப்படிப் பார்ப்பது? முதல் கிழமை ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டின் பாதியில் எழும்பி ஓடிப்போய்த் திரையின் மூலையைப் பார்த்தாள். ஐப்பசி மழை தொடங்கி, விறாந்தையெல்லாம் குடைகள் விரிந்து கிடந்த ஒருநாள், தான் பார்க்கப் போகவே மறந்துவிட்டதைக் கவனித்தாள். உதயகலா பழைய ஸ்கான்களைத் திறந்து புதியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுற்றிப் பார்க்காமல்.

கார்த்திகையில் டொக்டர் கனகாம்பிகை வித்தியாவைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றார்.

"நல்லாச் செய்தீர், பிள்ளை. கொழும்பு ஆக்களாலை ஏலாததை."

நன்றி சொல்லிவிட்டு எழும்பினால் எல்லாம் முடிந்துவிடும். பேரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டவனும் அவன்தான். வித்தியா எழும்பினாள், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டொக்டர், கண்டுபிடிச்சது நான் இல்லை. டினேஸ் அண்ணை. அவர் அண்டைக்குக் கழட்டினது சரியான சாமான்தான். அவர் போனாப்பிறகு ஒரு கிழமை நிக்காததுக்கும் அதுதான் காரணம்."

டொக்டர் கனகாம்பிகை கண்ணாடியைக் கழற்றவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைப் பூட்டினார்.

"அவர் திரும்ப வந்தா உம்முடைய இடம் என்னெண்டு யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான், டொக்டர்."

வெளியே மழை ஓய்ந்திருந்தது. டொக்டர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லும்" என்றார்.

டினேஸ் ஒரு வெள்ளிக்கிழமை காலமை வந்தான். மடிப்புக் கலையாத சேட்டு, வாரிய தலை. மோட்டார் சைக்கிளின் பின்னால் வெறும் ரெஜிபோம் பெட்டிகள் கட்டியிருந்தன. வாசல் காவலாளி தம்பிஐயா பதிவுப் புத்தகத்தை நீட்டாமலே குறுக்குத் தடியை உயர்த்தி விட்டார். டொக்டரின் அறைக்குள் அவன் அரை மணித்தியாலமளவில் இருந்தான். பிறகு மாடிப்படிக்குக் கீழே வந்து, உள்ளே வராமல் கதவு நிலையில் கைவைத்து நின்றான்.

"விசிறி கொஞ்சம் கூட இரையுது" என்றான்.

"நித்திரை கொள்ள விடாட்டி இரையும்தானே, அண்ணை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை வித்தியா இப்போதுதான் முதல் தடவை பார்த்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவ?"

"அண்டைக்கு விபத்திலை வந்த அந்தப் பொடியன் இப்ப நல்லா இருக்கிறானாம். அதைத்தான் முதல் சொன்னவ." நிலையின் வர்ணத்தை நகத்தால் சுரண்டினான். "வரட்டாம். ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம், இல்லாட்டி உண்டாக்கலாமாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வாடியிலை மாமாவும் தனிய. லவீனாவையும் ஒரு சொல் கேக்கோணும்." கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "வள்ளம் வந்திட்டுது. வாறன், தங்கச்சி" என்று நடந்தான்.

வித்தியா விறாந்தை வரை போய் நின்றாள். தம்பிஐயா தடியை உயர்த்திப் பிடித்தார். டினேஸ் மோட்டார் சைக்கிளை வாசலடிக்குக் கொண்டுபோய், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஓடுகிற இயந்திரத்தோடு அப்படியே நின்றான். தெருவில் ஒக்சிசன் உருளைகள் ஏற்றிய லொறி ஒன்று உள்ளே திரும்ப வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மோட்டார் சைக்கிளை உருட்டி, வேப்பமரத்துக்குக் கீழே, வளவுக்கு உட்பக்கமாக ஒதுங்கினான். லொறி மழைத்தண்ணீரைத் தெறித்துக்கொண்டு உள்ளே போனது. வழி வெறுமையான பிறகும் டினேஸ் வேப்பமரத்தடியிலிருந்து புறப்படவில்லை. தம்பிஐயா தடியை இறக்காமல், கையை உயர்த்தியபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.