ஏழே கால் செய்தி

தாடைக்கட்டு நிற்கவில்லை. பூவாத்தாள் பழைய வேட்டியிலிருந்து இன்னொரு துண்டு கிழித்து, மாமனாரின் தலையைச் சற்றுத் தூக்கி உச்சியில் முடிச்சுப் போட்டாள். கந்தப்பனுக்கு உயிரோடு இருந்தபோதும் வாயை மூடி வைக்கிற பழக்கம் கிடையாது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் இரண்டு சொல்வார்.

"கால் பெருவெரலையும் சேத்துக் கட்டீரு அம்மிணி," என்றாள் பக்கத்து வீட்டுக் கிழவி.

கட்டினாள். காலையில் கஞ்சி கொண்டுவந்து கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட பிறகு பங்குனியிலிருந்து கட்டிலில் கிடந்தவர். ஊரில் யாரும் திடுக்கிடவில்லை. பூவாத்தாளின் புருஷன் மாரப்பன் பந்தலுக்கு ஓலை கொண்டுவர ஆளை அனுப்பினான். மீனாட்சிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவன் அக்கா மருதாத்தாளுக்குச் சொல்ல ஒருவன் சைக்கிளில் போனான்.

எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. பூவாத்தாளின் கண் மட்டும் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டி எட்டிப் பார்த்தால், உழுது விதைத்த காடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வெறும் புழுதி. அந்தப் புழுதிக்குள் நிலக்கடலை விதை. மழை வரப்போகிறது என்று ரேடியோ சொன்னதாக நம்பிப் போட்ட விதை. ரேடியோ அப்படி எதுவும் சொல்லவில்லை. சொன்னது அவள்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய செட்டுதான் காரணம். ஊருக்குக் கரண்டு வந்த வருஷம் கந்தப்பன் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த வால்வு ரேடியோ அது. அப்போது அந்தப் பக்கத்தில் வேறு ரேடியோ கிடையாது. சாயங்காலம் ஆனால் வாசலில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். குமிழைத் திருகி ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் காத்திருந்தால்தான் பேச ஆரம்பிக்கும். அந்த நேரம் முழுக்கக் கந்தப்பன் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். ராஜா தோற்றுப்போவார்.

பிறகு ஊரெல்லாம் டிரான்சிஸ்டர் வந்தது. கூட்டம் கலைந்தது. செட்டும் வருஷத்துக்கு ஒருமுறை படுக்க ஆரம்பித்தது. கொழிஞ்சாம்பாறையில் ரேடியோ பழுதுபார்க்கும் பவுல்ராஜ் ஒவ்வொரு தடவையும் ஒரு வால்வை மாற்றுவார். ஸ்பீக்கர் மாற்றினார். குமிழ் உடைந்து, அதற்குப் பதில் ஒரு தைலப் புட்டியின் மூடியை மாட்டிக்கொடுத்தார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"இந்த மாதிரி செட்டுக்கு ஆயுசு பத்து வருசமுங்க. இது பதினாலு வருசம் ஓடியாச்சு. இனி இதுக்குச் செலவு பண்றது வீணுங்க. புதுசு ஒண்ணு வாங்கீருங்க."

"வால்வு மாத்துனா ஓடுமா, ஓடாதா? அதச் சொல்லு."

"ஓடுமுங்க. ஆனா எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"அப்ப மாத்து. உள்ள இருக்கற அத்தனையும் நீ மாத்தி வெச்சதுதான். பொட்டி ஒண்ணுதான் பழசு. பொட்டியா பேசுது?"

பவுல்ராஜ் வால்வை மாற்றினார். மாரப்பன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கந்தப்பன் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார். "வெத்தலப் பொட்டி கணக்கா இருக்குது. இது சொல்றத எவன் நம்புவான்? கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் செட்டின் முதுகிலிருந்து புகை வந்து, வீடெல்லாம் கருகல் நாற்றம் அடித்தது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்று பவுல்ராஜ் பெட்டியோடு தூக்கிப் போனார். கந்தப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் பூவாத்தாள் ரேடியோ ஆனாள். சாயங்காலம் நாலு வீடு தள்ளி இருந்த அப்புசாமி வீட்டுக்குப் போய், அவர் வீட்டு ஜன்னலில் இருந்த டிரான்சிஸ்டரில் ஏழே கால் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, மாமனாருக்கு ஒப்பிக்க வேண்டும். முதலில் டெல்லி, பிறகு சந்தை விலை, கடைசியில் மழை. வரிசை மாறினால் அவருக்கு ஆகாது.

"ஆரு வாசிச்சது?"

"பொம்பளதானுங்க மாமா."

"தொண்ட எப்பிடி?"

"கொஞ்சம் சளி புடிச்சாப்பல இருந்துச்சுங்க."

அதில் அவருக்கு ஒரு திருப்தி. ஆனால் மழை என்று வந்ததும் முகம் விழுந்துவிடும். ஆனி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று மட்டும் ஊளையிட்டுக்கொண்டு வந்து, இருக்கிற மேகத்தையும் பொள்ளாச்சிக்கு அந்தப்புறம் தள்ளிக்கொண்டு போனது. திருச்சி நிலையம் சொல்வது தமிழ்நாட்டுக்கு. திருச்சூர் சொல்வது மேற்கே இருக்கிற மலையாளத்துக்காரர்களுக்கு. நடுவில், மலையாள எல்லைக்குள் தமிழ் பேசிக்கொண்டு கிடக்கிற இந்த நாலைந்து பஞ்சாயத்துக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. தோல் உடைத்து மூட்டை கட்டி வைத்த விதைக்கடலையைப் பற்றியே கந்தப்பன் புலம்பினார். இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பூவாத்தாள், "கெழக்க நம்ம பக்கம் நல்ல மழ வரப்போகுதுன்னு சொன்னாங்க மாமா," என்றாள். வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சியையும் குடித்தார். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவர் மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஏரப் பூட்டு. புழுதியில போட்டாலும் பரவால்ல. மழ வந்துட்டுதுன்னா அப்பறம் ஆளும் கெடைக்காது, மாடும் கெடைக்காது."

பூவாத்தாள் புருஷன் பின்னாலேயே மாட்டுக் கொட்டகை வரைக்கும் போனாள். "ரெண்டு நாள் பொறுத்துப் போடலாமுங்களே," என்றாள். அவன் கயிற்றை முறுக்கிக்கொண்டே, "அப்பா சொன்னா சொன்னதுதான்," என்றான். அவள் வீட்டுக்குத் திரும்பினாள். பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். விதை போனால் அந்த வருஷம் போனது. இரண்டாம் தடவை போட விதைக்கு எங்கே போவது?

விதைப்பை மட்டும் கந்தப்பன் கட்டிலிலிருந்தே பார்த்தார். வாசற்கதவை விரியத் திறந்து வைக்கச் சொன்னார். மாரப்பன் ஏர் ஓட்ட, பின்னால் இரண்டு பெண்கள் சாலில் கடலையைப் போட்டுக்கொண்டே போனார்கள். "சால் ஆழம் பத்தாது! ஆழமாப் புடிடா!" என்று இங்கிருந்தே கத்தினார். அவ்வளவு குரல் அவரிடம் மிச்சம் இருந்தது யாருக்கும் தெரியாது. பூவாத்தாள் அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அது முந்தாநாள்.

இன்று மருதாத்தாள் வந்து இறங்கியதும் அழுகை ஏறியது. தகப்பன் மேல் விழுந்து, "எங்கப்பனுக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடுக்க ஆளில்லாமப் போச்சே," என்று அழுதாள். டிரான்சிஸ்டரைத் திருப்பிக் கொடுத்த கதை அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அழுகைக்கு ஏதாவது வேண்டுமல்லவா?

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பூவாத்தாள் பந்தலுக்குள் வந்தாள். மாரப்பன் பாடைக்கு மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் அப்புசாமி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் அதைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏம்ப்பா மாரப்பா, நானும் நேத்திருந்து கேக்கோணும்னு இருக்கறேன். புழுதியில கடலயப் போட்டிருக்கறயே, எந்தத் தைரியத்துல?"

மருதாத்தாள் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "எங்கப்பன்தான் போடச் சொன்னாருங்க. மழ வருதுன்னு ரேடியோல சொல்லுச்சாமா. நாலஞ்சு நாளைக்கு முன்ன நான் வந்தப்பக்கூட அதேதான் சொன்னாரு, பாவம்."

"எந்த ரேடியோல அம்மிணி? இந்த ஊட்டு ரேடியோ பவுல்ராஜ் கடையில கெடக்குது. பூவாத்தா எங்கூட்டுலதான் வந்து கேக்கறா. நானும் கூடத்தான் உக்காந்து கேக்கறேன். மழைன்னு ஒரு வார்த்த சொல்லலையே."

அழுகையும் நின்றது. மருதாத்தாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பூவாத்தாளைப் பார்த்தார்கள். இடுப்பில் குடம். இறக்கி வைக்கவும் தோன்றவில்லை.

"ஏம் பூவா, அப்பறம் எங்கப்பங்கிட்ட ஆருதான் சொன்னது?"

சாகக் கிடந்தவரிடம் பொய் சொன்னவள், வீட்டு விதையை மண்ணில் கொட்ட வைத்தவள். இந்த ஊர் அதை அவள் கிழவியாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள்.

"நாந்தான் சொன்னேன்," என்றான் மாரப்பன். தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான். "ரேடியோ என்னாச்சுன்னு கேக்கப் பவுல்ராஜ் கடைக்குப் போயிருந்தனுங்க. அங்க கேட்டேன். திருச்சூர் நெலயம். சித்தூர் தாலூக்காவுக்கு மழைன்னு மலையாளத்துல சொன்னாங்க. வந்து அப்பாகிட்டச் சொன்னேன். இவளையும் சொல்லச் சொன்னேன்."

அப்புசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "திருச்சூர்க்காரன் பேச்சக் கேட்டா கடலயப் போட்ட? அவனுக்குக் கெழக்கன்னா எதுன்னே தெரியாதேப்பா!"

பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். விவசாயம் தெரிந்த இத்தனை பேர் நடுவில் இப்படி ஒரு பட்டம் வாங்கினால் ஆயுசுக்கும் ஒட்டும்.

"தப்புத்தானுங்க," என்றான் மாரப்பன். "எனக்குப் புத்தி பத்துல."

பூவாத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். கந்தப்பனின் நிலைமை மோசமானதிலிருந்து அவன் கொழிஞ்சாம்பாறைப் பக்கமே போகவில்லை. அது அவளுக்குத் தெரியும். மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே கிடந்தான். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மருதாத்தாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "மவளாட்டப் பாத்துக்கிட்டயே பூவா," என்று தானும் அழுதாள்.

வெயில் சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஆண்கள் காரியத்தை முடித்து, வாய்க்காலில் கையளவு இருந்த தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தார்கள். அப்புசாமி வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் அவர் நன்றாகவே சாப்பிட்டார். உறவெல்லாம் மீனாட்சிபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பியது. மருதாத்தாள் மட்டும் அசதியில் கூடத்தில் சுருண்டு தூங்கிப்போனாள்.

அவர் தலை இருந்த இடத்தில் விளக்கு வைக்க ஒரு படி நெல் வேண்டும். பூவாத்தாள் உள்ளறைக்குப் போனாள். நெல் மூட்டைக்குப் பின்னால் கை எதிலோ இடித்தது. சாக்கைத் தடவிப் பார்த்தாள். கடலை. விதைக்கடலை. இரண்டு மூட்டைகள், வாய் தைத்தபடி, தைத்த நூல்கூட அவிழாமல் நின்றன. மூன்றில் ஒன்றுதான் குறைந்திருந்தது.

இருட்டில் இன்னொரு தடவை தொட்டு எண்ணினாள். விதைத்தது வாசலுக்கு நேராக இருக்கிற காடு மட்டும். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற காடு. ஓடைக்கு அந்தப்புறம் இருக்கிற பெரிய காட்டில் அவன் ஏரே வைக்கவில்லை. கொட்டகையில் கயிறு முறுக்கும்போதே தெரிந்துதான் முறுக்கியிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் கேட்கப்போவதில்லை.

நெல்லைப் பரப்பி விளக்கை ஏற்றினாள். மாரப்பன் கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஈரம் காயாத தரையில், துண்டை விரித்துப் படுத்திருந்தான். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. செய்தி நேரம். துக்க வீட்டுக்கு மரியாதையாக அப்புசாமி ரேடியோவை வைக்கவில்லை. ஊரில் எந்த வீட்டிலும் வைக்கவில்லை. காற்று மட்டும் ஓலைப்பந்தலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பூவா."

"ஏனுங்க."

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

அவள் விளக்குத் திரியைச் சற்று ஏற்றிவிட்டாள். அவன் கண் மூடியிருந்தது.

"டெல்லியில ஒண்ணும் விசேசமில்லீங்க," என்றாள். "சந்தையில வெல அப்படியேதான் இருக்குதாமா." சிதறிய நெல்லை ஒதுக்கிச் சேர்த்தாள். "கெழக்க மழ வருமுன்னாங்க."

"ம்," என்று சொல்லி அவன் ஒருக்களித்துப் படுத்தான்.

பூவாத்தாள் எழுந்து வாசலுக்குப் போனாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கொடியில் அவனுடைய வேட்டி இன்னும் ஈரமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. மழைக்குப் பயந்தவள்போல் அதை எடுத்து உதறி, மடித்து, உள்ளே கொண்டுவந்து போட்டாள்.