பசுவின் பின்புறமும் ஹூடல்பாக் சின்னமும்

விடுதியின் நீள மேசையில் நால்வர் இருந்தார்கள். கணப்பை ஒட்டி ஊர்த்தலைவர் ஷ்டோல். அவருக்கு எதிரே பால்பண்ணைக்காரர் ஹாஸ். ஜன்னலோரம், ஊர்ச் சின்னத்தை வரைந்த பள்ளி ஆசிரியர் பிரேம். தபால் வண்டி கண்ணில் படும்படி வாசல் பக்கம் ஊர் எழுத்தர் இர்ம்கார்ட்.

ஐந்து மணித் தபாலில் பதில் போயாக வேண்டும். போகாவிட்டால் ஹூடல்பாக்குக்குச் சின்னம் கிடையாது. சின்னம் இல்லாத ஊரைப் புத்தாண்டில் பக்கத்து டோர்ன்லாவோடு சேர்த்துவிடுவார்கள். டோர்ன்லாவில் ஏற்கெனவே ஓர் எழுத்தர் இருக்கிறார். இர்ம்கார்டின் வேலை அந்தப் பதில் உறைக்குள்தான் இருந்தது.

ஊர்ச் சின்னங்களுக்கு ஒப்புதல் தரும் ஆவணக் காப்பகத்தின் கடிதத்தை அவள் மறுபடியும் வாசித்தாள். சின்னத்தின் கேடயத்தில், நீங்கள் வரைந்ததுபோல் விலங்கின் பின்புறத்தை மட்டும் காட்டுவது மரபல்ல. பசு பக்கவாட்டில், பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கி நிற்க வேண்டும்.

"திரும்பாது," என்றார் ஹாஸ். "அது என் மாடு."

"படத்துலதானே ஐயா திரும்பணும்!" என்றாள் இர்ம்கார்ட்.

"அர்த்தம் என்ன ஆகுறது?" என்றார் ஷ்டோல். "சுவீடன் படை வந்து பால் கேட்டப்போ, நம்ம மாடுங்க முதுகைக் காட்டி நின்னுச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். முன்னூறு வருஷம் கழிச்சு இப்ப சரணடையச் சொல்றியா?"

பிரேம் தொண்டையைச் செருமினார். "உண்மையில... நான் வரையுறப்போ அது வைக்கோல் தின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் திரும்பவே இல்ல."

"வாத்தியாரே, நீங்க பீரைக் குடிங்க," என்றார் ஷ்டோல்.

மணி நாலே முக்கால். இர்ம்கார்ட் எழுந்தாள். சுவரிலிருந்த வட்டார வரைபடத்தில், ஹூடல்பாக் மேல், பசுவின் படத்தை ஊசியால் குத்தி வைத்தாள்.

"இடப்பக்கம் மேற்கு. மாடு மேற்கே பாத்தா, பின்னாடி எந்த ஊரு?"

மூவரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கிழக்கே, வால் வர வேண்டிய இடத்தில், டோர்ன்லா.

ஹாஸ் தொப்பியைக் கழற்றினார். "காப்பகத்துல விவரம் தெரிஞ்சவங்கதான் இருக்காங்க."

நான்கு கைகளும் உயர்ந்தன. வாக்குரிமை இல்லாத இர்ம்கார்டின் கையும் சேர்த்து. பிரேம் வரையத் தொடங்க, ஷ்டோல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "எழுதிக்கோ. டோர்ன்லாக்காரப் பயலுகளுக்கு..."

அவள் அதைக் காதில் வாங்காமல் எழுதினாள்: 'பசு மேற்கு நோக்கி நிற்பது, உழைப்புக்குப் பின் வரும் ஓய்வைக் குறிக்கும்.'

"வால் தூக்கியிருக்கட்டும்," என்றார் ஹாஸ்.

'உயர்ந்த வால் ஊரின் நிமிர்வைக் குறிக்கும்.'

வெளியே ஹாரன் அடித்தது. மூவரின் கையெழுத்தையும் வாங்கி, மை உலர ஊதி, புதுப் படத்தோடு மடித்து உறையிலிட்டாள். நாக்கால் ஓரத்தை நனைத்து, முஷ்டியால் அழுத்தி ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

தபால்காரர் வெண்டல் டோர்ன்லாக்காரர். உறையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "என்னம்மா, இவ்வளவு அவசரம்?"

"எங்க ஊர்ச் சின்னம். உங்க ஊரையும் விட்டுடல."

"அட, பரவாயில்லையே! ஊர்ல போய்ச் சொல்றேன்," என்று மகிழ்ந்துபோய், உறையைப் பையின் மேலாகப் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.