வெந்நீர்த் தொட்டி

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் என் வீட்டுக்காரர்தான் முதலில் எடுப்பார். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர், வருகிற போனெல்லாம் தனக்குத்தான் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த ஜம்பம் செல்லாது. அது கவிநிலா ஜப்பானிலிருந்து பேசும் நேரம்.

எங்களுக்கு ஒரே பெண். சென்னையில் காலேஜ் படிக்கும்போதே ஜப்பான் பாஷையும் கற்றுக்கொண்டாள். 2002 ஜனவரியில், ஒரு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க இடம் கிடைத்தது. "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்புறியே, பைத்தியமா உனக்கு?" என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து என் அண்ணன் கத்தினார். பதிலுக்குக் கத்தி அவளை அனுப்பி வைத்தவள் நான். அவள் போன பிறகு ஒரு வேளை சோறாவது ஒழுங்காக இறங்கியதா என்று கேளுங்கள்.

முதலில் ஹாஸ்டலில் இருந்தாள். பிறகு ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி தங்க அனுப்பினார்கள். அங்கே போன அதே வாரம் போனில் ஒரே அழுகை.

"நான் வந்துடறேம்மா."

"இன்னாடி ஆச்சி? யாராவது எதனா சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதாம்மா தாங்க முடியல."

விஷயம் இதுதான். அங்கே முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட வேண்டுமாம். அதற்கப்புறம்தான் வெந்நீர்த் தொட்டி. குளிருக்கு இதமாக அதில் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே தண்ணீர்தான், ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். விருந்தாளிக்கு முதல் மரியாதை. அதனால் இவளைத்தான் முதலில் இறங்கச் சொன்னார்கள். அதே தண்ணீர்தான் எல்லோருக்கும் என்று தெரியாத இவள், நாம் இறங்கிய தண்ணீரை அடுத்தவருக்கு விடுவதா என்று அடைப்பைப் பிடுங்கி, தொட்டியையும் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டாள். பகலெல்லாம் பனியை வாரிக் கொட்டிவிட்டு வந்த அந்த வீட்டுப் பெரியவர், துண்டோடு வந்து காலித் தொட்டியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் வகுப்புத் தோழி சொன்ன பிறகுதான் இவளுக்கு உறைத்தது.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க சாப்பிடறது? டிக்கெட்ட மாத்திக்கலாமாம். வந்துடட்டாம்மா?"

'வாடி கண்ணு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு வேறென்ன வேண்டும்? வரச் சொல்லு, வரச் சொல்லு என்று பக்கத்தில் இவர் வேறு கையை ஆட்டுகிறார். ஆனால் இப்படி அழுதுகொண்டு திரும்பினால் இந்தப் பெண் இனி எங்கேயும் துணிந்து போக மாட்டாள். நல்லவேளை, எனக்குக் கோபம் வந்தது.

"அடிப்பாவி! ஒரு தொட்டி வெந்நீர தெறந்தா வுட்ட? கொடம் கொடமா தண்ணி புடிச்சி வெக்கிற வீட்ல பொறந்தவதான நீ?"

அழுகை சட்டென்று நின்றது. "அடுத்தவங்க எறங்கற தண்ணிம்மா..."

"ஐயங்குளத்துல தீர்த்தவாரி அன்னிக்கு ஊரே முழுகுதே, அதுல நீ முழுகல? இன்னிக்கு நீயே தொட்டிய ரொப்பு. எல்லாரும் எறங்கி எழுந்தப்புறம் கடைசியா நீ எறங்கு. அப்பவும் வரணும்னு தோணுச்சின்னா வா. நான் தடுக்கல."

போனை வைத்ததும், "வந்துடுவாளா?" என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். அந்த வாரம் முழுக்க, வந்துவிட்டால் தேவலை என்று ஒரு மனசு, வரக் கூடாது என்று ஒரு மனசு.

அடுத்த ஞாயிறு அவள் குரலே வேறு.

"கடைசியாதாம்மா போனேன். சோப்பு போட்டுக்கினு இருக்கறப்ப அந்த வீட்டம்மா கதவத் தட்டினாங்க. சட்டைக் கைய மடிச்சி வுட்டுக்கினு பின்னால உக்காந்து முதுகு தேய்ச்சி வுட்டாங்க. அவங்க பொண்ணுக்கு அப்படித்தான் தேய்ப்பாங்களாம், அவ கல்யாணமாகிப் போயிட்டாளாம். நான் வரலம்மா. இங்கயே இருக்கேன்."

சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், வயிறும் எரிந்தது. என் பிள்ளை முதுகில் இன்னொருத்தி கை! போனை அந்தம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். "எந்த பாஷையில பேசப் போற?" என்று இவர் சிரித்தார். எனக்குத் தெரிந்த பாஷையில்தான்.

"நல்லா அழுத்தித் தேய்ங்கம்மா. மெதுவா தேய்ச்சா கூச்சத்துல நெளிவா," என்றேன்.

அந்தம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். பாதியில் அவர் குரல் தழுதழுத்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன்.