நின்ற வண்டி

அந்த வீட்டில் காலையில் முதலில் பற்றிக்கொள்வது அடுப்பு இல்லை, சண்டை. அண்ணன் கம்பிக் கட்சி, தங்கை பேட்டரிக் கட்சி. நகரத்து மின்சார பஸ்களுக்காகத் தெருவுக்கு மேலே ஓடும் கம்பிகளைப் பழுதுபார்ப்பது அண்ணனின் வேலை. தங்கை அந்த பஸ்களை ஓட்டுகிறவள். அவளுக்கு இப்போது புது வண்டி. கம்பி இருக்கும் தெருவில் கம்பியிலும், இல்லாத இடத்தில் பேட்டரியிலும் ஓடும். இனிக் கம்பியே வேண்டாம், கழற்றிவிடலாம் என்று ஊரில் பேச்சு. மறுநாள் அதற்கென்றே கூட்டம். கம்பிக்காகப் பேச அண்ணனைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"கம்பி பொய் சொல்லாது. வண்டி ஓடினா கரண்ட் இருக்கு, நின்னா இல்ல. தெருவுல நின்னு பாத்தாலே தெரியும். உன் வண்டியப் பாத்து என்ன தெரியும், சொல்லு?"

"கம்பியே இல்லன்னா நீ எதையும் பாக்க வேணாம். மேலயும் ஏற வேணாம்."

"அப்போ என் சோத்துல மண்ணு. அதான வேணும் உனக்கு?"

"உன் சோத்துக்காக ஊரே கம்பியில தொங்கணுமா?" நாக்கில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான் வரும்.

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அண்ணி அவன் தட்டை எடுத்து மூடிவைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மத்தியானம், உயரமாகச் சரக்கேற்றிய லாரி ஒன்று நாற்சந்தியில் கம்பியை இழுத்து வளைத்துவிட்டது. டிப்போவிலிருந்து அவளுக்குத் தகவல் வந்தது: "கொம்ப இறக்கிட்டு பேட்டரியில தாண்டிப் போயிடும்மா." வண்டிக் கூரையிலிருந்து எழும்பிக் கம்பியைத் தொடும் இரண்டு நீளக் கழிகளுக்கு டிப்போவில் கொம்பு என்று பெயர். அவள் இறக்கிவிட்டாள்.

நாற்சந்தியில், ஆளைக் கம்பி உயரத்துக்குத் தூக்கும் மேடை லாரி நின்றது. மேடைமேல் அண்ணன். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். சோதித்துப் பார்க்கக் கருவி உண்டு; அது பெட்டியிலேயே தூங்கும். கரண்ட் போனால் டிரைவர் கொம்பை இறக்கிவிட்டு நிற்க வேண்டும் என்பது பழைய விதி. ஆகவே கொம்பிறக்கி ஒரு வண்டி நின்றுவிட்டால், கம்பி செத்துவிட்டது என்று வேலையைத் தொடங்குவார்கள். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவள் மேடை லாரியைத் தாண்டி, அதன் முன்னால் போய் வண்டியை நிறுத்தினாள். நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. சாப்பிடாமல் போனவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போக அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனும் பார்த்தான். அவள் முகத்தை அல்ல, கொம்பை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வளைந்த இடத்தையே அண்ணாந்து பார்த்தபடி, இடது கையால் ஒரு கம்பியைப் பிடித்தான். மேடை, மின்சாரம் தாக்காதபடி செய்யப்பட்டது. ஒரு கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

அப்போதுதான் அவள் கண்ணாடியில் அதைக் கண்டாள். லாரிக்குப் பின்னால், தெருக்கோடியில், சத்தமே இல்லாமல் ஒரு பழைய பஸ் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. கொம்பு இரண்டும் அதே கம்பியில்.

கம்பியில் உயிர் இருந்தது. அவள் ஹாரனை அடித்தாள். அண்ணன் திரும்பாமலே வலது கையைத் தூக்கி ஆட்டினான். சரி, புரிந்தது என்று. கத்தினாள். தெரு இரைச்சலில் அவள் குரல் எந்த மூலைக்கு? தூக்கிய கை இறங்கி இரண்டாவது கம்பியை நோக்கிப் போனது.

கொம்பை உயர்த்தும் பொத்தான் விரலடியில் இருந்தது. அவள் வண்டியின் பின்பக்கம் அவன் மேடைக்குக் கிட்டத்தில் நின்றது. உயர்த்தினால் கொம்பு அவன்மேல் படும், அடிபட்டாவது கை விலகும். படும் என்று தெரிந்தேதான் அழுத்தினாள்.

பொறி பறந்தது. கொம்பு ஒன்று கம்பியில் பட்டுத் தெறித்து, வீசிய வேகத்தில் அண்ணனின் வலது தோளில் இறங்கியது. அவன் மேடையில் சுருண்டு விழுந்தான். பயணிகள் அலறினார்கள். அவளுக்கு அந்த ஒலியெல்லாம் எங்கோ கேட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் தோளிலிருந்து விரல்வரை கட்டு. எலும்பு கூடும், ஆனால் மேலே ஏறும் வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கட்டில் ஓரத்தில் நின்றாள். உட்காரத் துணிவில்லை.

"நாளைக்கு நான் பேசப் போகல," என்றான் அண்ணன். "கம்பி பொய் சொல்லாதுன்னு இனி எந்த வாயால சொல்றது?"

"கம்பி பொய் சொல்லலண்ணே. என் வண்டிதான் சொல்லுச்சு."

அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாண்டிப் போகத்தான சொன்னாங்க. நீ எதுக்கு நின்ன?"

"காலைல சாப்பிடாமப் போயிட்டியே. கோவமான்னு கேக்கத்தான்."

அவன் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டான். உடம்பு குலுங்கியது, குலுங்கியதில் தோள் வலித்து முனகினான். பிறகு கையை எடுத்தான்.

"கேளு," என்றான்.

"கோவமாண்ணே?"

"இல்ல. பசிக்குது. ஊட்டி விடு."

அண்ணி கொடுத்தனுப்பிய டப்பாவை அவள் திறந்தாள். முதல் வாய்ச் சோற்றில் பாதி அவன் கட்டின்மேல் சிந்தியது.