வியாழக்கிழமைப் படகு

ஆடிக் காற்று அந்த வருஷம் கோடைக்கானலைப் பிடித்து உலுக்கியது. வியாழக்கிழமை மத்தியானம் அருள்மேரி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் பின்னாலிருந்த தைலமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து அடுப்படிக் கூரைமேல் விழுந்தது. ஓடுகள் நொறுங்கி அடுப்புக்குள் கொட்டின. பால் சட்டி கவிழ்ந்தது. தலைக்கு மேலே வானம் தெரிந்தது.

பக்கத்து வீட்டு வடிவு ஓடி வந்தாள்.

“அக்கா! ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. மழை வந்தா வீடே கொளமாயிரும். பள்ளிக்கொடத்துக்குப் போயி அவுகளக் கூட்டியாறேன். செத்த பாத்துக்க.”

அருள்மேரியின் கணவர் பரமானந்தம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர். விடுதிப் பிள்ளைகளின் அரிசியும் பருப்பும் போர்வையும் அவர் பொறுப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைத் தேடி அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அவருக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தாள். இன்றைக்கு வேறு வழியில்லை.

வாசல் காவல்காரர் சின்னச்சாமி அவளை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார்.

“ஸ்டோர் அய்யாவா? இன்னிக்கு வியாழக்கெழமையாச்சேம்மா.”

“அதுக்கென்ன?”

“வியாழக்கெழமை மத்தியானத்துக்கு மேல அவுக இருக்க மாட்டாகளே. ஞாயித்துக்கெழமை வந்து ஸ்டோரத் தொறக்குறதுக்குப் பதிலா இந்த அரைநாள் லீவு.”

அருள்மேரிக்கு முதலில் புரியவில்லை. வியாழக்கிழமையும் மற்ற நாட்களைப் போல விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அவர் வீட்டுக்கு வருவார். அதே களைத்த முகம். அதே “ம்”.

“எப்பருந்து இப்படி?”

“நான் இங்க சோலிக்கு வந்த நாள்லருந்தே அப்படித்தாம்மா. அப்ப எம் மூத்த மக கைப்பிள்ள. போன தையில அவளக் கட்டிக் குடுத்தாச்சு.”

“எங்க போவாக?” என்று கேட்ட குரல் யாருடையதோ போல இருந்தது.

“ஏரிப் பக்கம் எறங்கிப் போறதப் பாத்திருக்கேன்” என்ற சின்னச்சாமி, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடைந்த ஓடு மறந்துபோயிற்று. ஏரிக்கு இறங்கும் பாதையில் அவள் கால்கள் தாமாக நடந்தன. ஒரு பெண்தான். வேறென்ன இருக்க முடியும்? யார் அவள்? எந்த வீடு? பிள்ளைகள் இருக்குமோ? தனக்குப் பிள்ளை இல்லாதது அப்போது நெஞ்சில் கல்லாக விழுந்தது.

பரமானந்தம் வத்தலக்குண்டு உபதேசியாரின் மகன். சிரிப்பையே பாவத்தில் சேர்த்த வீட்டில் வளர்ந்தவர். அவரைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தபோது அருள்மேரி வாயாடி. அம்மி அரைத்தால் பாட்டு, பெருக்கினால் பாட்டு. வந்த புதிதில் ஒருநாள் அவள் பாடும்போது அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், பாட்டு நின்றது. மீன் குழம்பைச் சாப்பிட்டு ஒருநாள் இருமினார். அன்றிலிருந்து மிளகாய் பாதியானது. கனகாம்பரம் வைத்த தலையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பூவும் போயிற்று. ஆசைப்பட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, கெட்ட பேர் வாங்காமல் குடும்பம் நடத்திவிட்டோம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. சீசன் முடிந்த ஏரியில் ஆளில்லை. ஒரே ஒரு படகு நடுவில் கிடந்தது.

அதில் பரமானந்தம் இருந்தார். தனியாக.

கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். சட்டைக் கழுத்துப் பித்தான் திறந்து கிடந்தது. ஒரு துடுப்பை மட்டும் போட்டுப் படகைப் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே தொண்டை கிழியப் பாடினார். சினிமாப் பாட்டு. அதுவும் காதல் பாட்டு. பிறகு துடுப்பை விட்டுவிட்டு மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து மேலே எறிந்தார். வாயைத் திறந்து கவ்விப் பிடித்தார். இன்னொன்று தவறி மூக்கில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. அதற்கு அவர் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் வந்தது.

அருள்மேரி துறையின் கம்பி வேலியோரமாக நின்றாள். படகில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அழத் தெரிந்திருக்கும், மண்ணை வாரித் தூற்றத் தெரிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. தெருவில் கேட்டிருந்தால் யாரோ என்று கடந்து போயிருப்பாள்.

படகுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி அவளைப் பார்த்து, “படகு வேணுமாம்மா?” என்றான்.

“அது… அது யாரு?”

“அவரா? பாட்டுக்கார அய்யா. வியாழக்கெழமை தவற மாட்டாரு. அவரு வந்தாலே எங்களுக்குச் சிரிச்சு வயிறு வலிக்கும். சரியான குசும்புக்காரரு.”

“குடும்பம் இருக்கா?”

“இருக்காம். வீட்டம்மா ரொம்ப பக்தியானவுகளாம். சிரிச்சா, பாடுனா பிடிக்காதாம். பாவம், இங்க வந்து கொட்டித் தீத்துட்டுப் போறாரு.”

அருள்மேரி பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவரைக் கூப்பிடவில்லை. வீடு திரும்பிய வழி அவளுக்கு நினைவில்லை. வடிவு யாரையோ அழைத்துவந்து கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தாள். அருள்மேரி அதற்குக் கீழே, நனைந்த சாம்பலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பரமானந்தம் வந்தார். கோட்டுப் பித்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. வழக்கமான முகம்.

“என்ன இது, கிளை விழுந்துருச்சா? ஆளனுப்பிச் சொல்றதுக்கென்ன?”

“நானே வந்தேன்.”

அவர் கை பித்தானில் நின்றது.

“பள்ளிக்கொடத்துக்கு வந்தேன். அப்புறம் ஏரிக்கு வந்தேன்.”

பரமானந்தம் திருடிவிட்டு அகப்பட்ட பிள்ளையைப் போல நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“மேரி, தப்பா ஒண்ணும் இல்ல. குடி இல்ல, சீட்டு இல்ல…”

“எனக்குச் சிரிச்சா பிடிக்காதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

அவர் நிமிர்ந்தார். “யாரும் சொல்லல. எனக்கே தெரியுமே. வந்த புதுசுல நீ எவ்வளவு நல்லாப் பாடுவே! ஒருநா கேக்கலாம்னு திரும்பினேன், நீ நிறுத்திட்டே. அதுக்கப்புறம் நான் வீட்டுக்குள்ள நொழஞ்சாலே சத்தம் நின்னுபோவும். செபம் பண்றவ மாதிரி ஒக்காந்திருப்பே. ஓகோ, இவளுக்கு இதெல்லாம் ஆகாதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.”

“நீங்க மொறச்சீங்கன்னுல்ல நான் நிறுத்துனேன்!”

“மொறச்சேனா? எம் மூஞ்சியே அப்படித்தான், மேரி!”

வேறு சமயமாயிருந்தால் சிரித்திருக்கலாம். அருள்மேரி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேலா தன்மேலா என்று அவளுக்கே புரியவில்லை. கனகாம்பரத்தைப் பார்த்தாலும், மிளகாயைக் கிள்ளினாலும், இதை எத்தனை நாள் வேண்டாமென்று தள்ளினோம், யாருக்காகத் தள்ளினோம் என்ற கேள்வி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து, கை கொண்ட மட்டும் மிளகாயை அரைத்துக் குழம்பு வைத்தாள். தண்டனை கொடுக்கிற ஆத்திரத்தோடு அவர் தட்டில் ஊற்றினாள்.

பரமானந்தத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. நெற்றியில் வேர்த்தது. இருமினார். பிறகு தட்டை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் ஊத்து” என்றார்.

“அன்னிக்கு இருமுனீங்களே?”

“காரஞ் சாப்பிட்டா இருமத்தான் செய்வேன். அதுக்காக வேணாம்னா சொன்னேன்?”

கரண்டியைப் பிடித்தபடி அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷத்துச் சப்பென்ற சோறு! இந்த மனிதன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

வியாழக்கிழமை அவர் கிளம்பும்போது வாசலில் தயங்கினார். “மத்தியானம்… நீயும் வர்றியா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் மத்தியானம் படகுத்துறைக்குப் போய் நின்றாள்.

ஆண்டிச்சாமி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் தூரிகையை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, “ஆத்தாடி!” என்று தலையில் கைவைத்துக்கொண்டான். பரமானந்தம் கை நீட்டினார். படகு ஆடியதில் அருள்மேரி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நடு ஏரி வரைக்கும் அவர் துடுப்பு வலித்தார். அவருக்குப் பாட்டு வரவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்” என்றாள் அவள். “நீங்க பாடுங்க.”

திரும்பி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் மெதுவாக ஆரம்பித்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. வரிகளில் பாதி தப்பு. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் அருள்மேரி, “அய்ய, அப்படி இல்லங்க” என்று சரியான மெட்டைப் பாடிக் காட்டினாள். குரல் துருப்பிடித்துக் கரகரத்தது. தன் குரலைத் தானே கேட்டு அவள் திடுக்கிட்டாள். இரண்டாவது வரியில் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

பரமானந்தம் துடுப்புகளைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். சமாதானம் சொல்லத் தெரியாமல் தம் இரண்டு கைகளையும் அவள் முதுகில் வைத்தபடி இருந்தார். படகு காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய்க் கரையோரக் கோரைக்குள் மாட்டிக்கொண்டது.

“அய்யா! மழை வருது, வெரசா வாங்க!” என்று துறையிலிருந்து ஆண்டிச்சாமி கத்தினான்.

“வந்தா வரட்டும்!” என்று பரமானந்தம் திருப்பிக் கத்தினார்.

மலைச்சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அருள்மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.